வடக்கே தலை வைத்தவர்கள்

ஆலம்பொழில் மத்தியச் சிறையில் செத்தவர்கள் வந்து படுத்துக்கொண்டது எந்த வருஷம் என்று கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள். எந்தக் கிழமை என்று கேட்டால் மட்டும் ஒரே வாயாகச் செவ்வாய் என்பார்கள், ஏனென்றால் செவ்வாய்தான் டிராயிங் டீச்சர் வரும் நாள். உண்மையில் தில்லைநாயகி டிராயிங் டீச்சர் இல்லை. படம் வரைய வைத்து மனக்காயத்துக்கு மருந்து பார்ப்பது என்று ஒரு படிப்பு இருக்கிறது. அதைப் பெங்களூரில் போய்ப் படித்து, ஒரு ஆஸ்பத்திரியில் குழந்தைகளோடு சில வருஷம் வேலை பார்த்து, பிறகு ஒரு தொண்டு நிறுவனம் அனுப்பி இங்கே வந்தவள். முதல் நாள் வாசலில் நின்று அதையெல்லாம் வார்டர் இசக்கியப்பனிடம் அவள் விளக்கினாள். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்ளே திரும்பி, "எப்பா, டிராயிங் டீச்சர் வந்திருக்காவ, கதவத் தொற" என்று குரல் கொடுத்தார். அதோடு அந்தப் பேர் நிலைத்துவிட்டது.

அவளுக்குக் கொடுத்த இடம் தறிக்கூடம். தறிகளை எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது நீளமான ஒரு கூடமும் வடக்குச் சுவரில் வரிசையாக ஜன்னல்களும். கூர்மையாக எதுவும் உள்ளே போகக் கூடாது என்று வாசலிலேயே பென்சில்களை வாங்கி வைத்துக்கொண்டதால், வரைவதற்குச் சிறைச் சமையல்கட்டின் அடுப்புக்கரிதான் கிடைத்தது. கரியை அள்ளி வந்து கொடுத்தவர் கொம்பையா, சமையல்கட்டில் வேலை பார்த்த ஆயுள் கைதி, குட்டையான தொந்திக்காரர், யார் முகம் வாடினாலும் தன் சமையலில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிற சுபாவம்.

தில்லைநாயகி பழுப்புத் தாள் சுருளை அவிழ்த்து, வெளிச்சம் தலைப்பக்கம் விழட்டும் என்று, ஜன்னலைப் பார்க்கத் தரையில் நீளநீளமாக விரித்தாள். ஒருவர் தாளில் படுக்க வேண்டும், இன்னொருவர் அவர் உடம்பை ஒட்டிக் கரியால் கோடு இழுக்க வேண்டும். எழுந்து பார்த்தால் தன் உருவம் தரையில் கிடக்கும். அதற்குள்ளே பயம் எங்கே இருக்கிறது, கோபம் எங்கே இருக்கிறது என்று வண்ணம் தீட்டிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் கிச்சுகிச்சு தாங்காமல் சிரித்துக்கொண்டே செய்த பயிற்சி அது. இங்கே அவள் சொல்லி முடித்த பிறகு ஒருவரும் அசையவில்லை.

"என்ன, யார் முதல்ல?" என்றாள்.

கொம்பையாதான் தொண்டையைச் செருமினார். "தப்பா எடுத்துக்கிடாதிய டீச்சரு. ஆளப் படுக்கவச்சு சுத்திக் கோடு போடுறது போலீசுக் கோடுல்லா. அதுக்குள்ள படுத்தவன் எந்திரிச்சு நான் பாத்ததில்ல."

"போதாக்கொறைக்கு வடக்க தல வச்சுல்லா படுக்கச் சொல்லுதிய" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "வீட்டுல எந்தத் தெசைனாலும் சரி, வடக்கு ஆவாதும்பாவ. எமன் பாக்க தெச."

தில்லைநாயகிக்கு முகமெல்லாம் சுட்டது. வெளிச்சத்தைப் பார்த்தாளே தவிர திசையைப் பார்க்கவில்லை. பயிற்சியைப் பார்த்தாளே தவிர, கொலை செய்துவிட்டு வந்தவர்களைக் கொலைக் கோட்டுக்குள் படுக்கச் சொல்கிறோம் என்பதைப் பார்க்கவில்லை. படித்தவள் செய்கிற தப்பு என்றால் படிப்புக்கு ஏற்ற அளவில்தான் இருக்கும். "வேண்டாம், வேண்டாம், சுருட்டிடலாம்" என்று குனிந்தாள். அவளுடைய தொழிலில் முதல் விதி அதுதான்: யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

ஆனால் டீச்சர் முகம் வாடியதைக் கொம்பையாவால் தாங்க முடியவில்லை. "நாளப்பின்ன இவிய வரணும்லா" என்று முணுமுணுத்துக்கொண்டே, விரித்தது விரித்தபடி இருந்த தாளில், வடக்கே தலை வைத்து மல்லாந்து படுத்துவிட்டார். கரியை எடுத்தவன் சிலுவைப்பிச்சை. கடற்கரைக்காரன், அதிகம் பேசாதவன், வலை முடைந்து பழகிய நிதானமான கை. அவன் கொம்பையாவின் தலையில் ஆரம்பித்து, தோளில் இறங்கி, கால் சுற்றி மறுபடி தலைக்கு வந்து கோட்டை முடித்தான்.

கொம்பையா எழுந்தார். தாளில் கிடந்தது கொம்பையா இல்லை. ஒல்லியான நெட்டை ஆள் ஒருவர் இடது முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுக்கொண்டு கிடந்தார். கொம்பையா பார்த்தார். வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்தார். "மாடக்கண்ணு மச்சான்" என்றார். பிறகு, பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி, "இங்கயும் வந்துட்டியளா" என்றார். மாடக்கண்ணு அவருடைய தங்கை புருஷன். அவரைக் கொன்றதற்குத்தான் கொம்பையாவுக்கு ஆயுள்.

"நான் ஒடம்பு ஓரமாத்தான் இழுத்தேன் டீச்சர்" என்றான் சிலுவைப்பிச்சை. "கை அதுபாட்டுக்குப் போவுது."

அடுத்த செவ்வாய்க்கிழமை இன்னும் நாலு பேர் படுத்தார்கள், அதற்கடுத்த செவ்வாய் இடம் போதாமல் தாளைக் கூடத்தின் கோடிவரை விரிக்க வேண்டியிருந்தது, படுத்தது யாராக இருந்தாலும் எழுந்தபோது அங்கே கிடந்தது அவனால் செத்த ஆளாக இருந்தது, கட்டையாகப் படுத்தவன் கூன்கிழவராகக் கிடந்தான், மீசைக்காரன் படுத்த இடத்தில் கொண்டை போட்ட பெண்பிள்ளை கிடந்தாள், ஒருவன் எழுந்தபோது தாளில் முக்கால்வாசி வெறுமையாக இருந்து நடுவில் ஒரு சின்ன உருவம் மட்டும் கிடந்தது. அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் பேசவில்லை, அவனும் அதற்குப் பிறகு யாரோடும் பேசவில்லை. திருட்டு, அடிதடி என்று வந்தவர்களெல்லாம் அவரவராகவே கிடந்தார்கள். அதில் ஒரு விசேஷம், கொலைக் கேசில் ஆயுள் வாங்கிய தையல்காரர் ஒருவரும் அவராகவே கிடந்தார். தையல்காரர் தன் கோட்டைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டு, "நான் அப்பமே சொன்னம்லா" என்றார், யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சட்டம் கரிக்கோட்டை ஒத்துக்கொள்ளாது. ஆனால் மறுநாளிலிருந்து அவரை எல்லோரும் ஐயா என்று கூப்பிட்டார்கள், வார்டர்கள் உட்பட.

ஏன் இப்படி ஆயிற்று என்று கொஞ்ச நாள் பேச்சு நடந்தது. வடக்குத் திசைதான் காரணம் என்றார்கள் சிலர், அடுப்புக்கரி என்றார்கள் சிலர், சிலுவைப்பிச்சை கை என்றார்கள் சிலர். பிறகு அந்தப் பேச்சு அலுத்துப்போனது. மழை ஏன் பெய்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பதைவிட வாளியை எடுத்து வைப்பது முக்கியமில்லையா? சிறையில் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய இருந்தன.

முதல் வேலை கணக்கு. சாயங்காலம் ஆட்களை எண்ணி, கணக்கு சரி என்று மணி அடித்தால்தான் லாக்கப். இசக்கியப்பன் பழக்கதோஷத்தில் தறிக்கூடத்தையும் எட்டிப் பார்த்து அங்கே கிடந்தவர்களையும் எண்ணித் தொலைத்துவிட்டார். ஆள் குறைந்தால் என்ன செய்வது என்று விதி இருக்கிறது, சைரன் ஊத வேண்டும்; ஆள் கூடினால் என்ன செய்வது என்று எந்த விதியிலும் இல்லை. சூப்பிரண்டு வந்து பார்த்தார். தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினார், எதற்குக் கழற்றினோம் என்று அவருக்கே தெரியாமல் மறுபடி மாட்டிக்கொண்டார். "ஆள் தனி, கோடு தனி" என்று உத்தரவு போட்டார். "கோட்டைக் கணக்குல சேக்கப்படாது. ஆனா ஒண்ணுகூடக் குறையவும் படாது, சொல்லிட்டேன்." அன்றிலிருந்து அவர்களுக்குக் கோட்டாள் என்று பேர் வந்தது.

கோட்டாள்களைத் தாண்டக் கூடாது என்று யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. படுத்திருக்கிறவரைத் தாண்டினால் முதுகில் விழுகிற அடியை எல்லோரும் சின்ன வயதிலேயே வாங்கியவர்கள்தான். கூட்டுகிறவன் சுற்றிச் சுற்றிக் கூட்டினான். விடிந்து கதவைத் திறந்தால் முந்தின நாள் மல்லாந்து கிடந்தவர் ஒருக்களித்துக் கிடப்பார், கை நீட்டிக் கிடந்தவர் சுருட்டிக்கொண்டு கிடப்பார். திரும்பும்போது ஒருவரும் பார்த்ததில்லை, பார்க்க ஆசைப்பட்டவரும் இல்லை. தூரத்து பிளாக்கில் பூட்டிய அறைக்குள் தூங்கி எழுந்தவர்களின் உள்ளங்கையில் காலையில் கரி இருந்தது, யாரோ கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த மாதிரி. சோப்புப் போட்டால் போய்விடும். போட்டுக் கழுவிவிட்டுக் கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள்.

கொம்பையா தினமும் மத்தியானம் ஒரு கை சோறு கொண்டுவந்து மாடக்கண்ணுவின் தலைமாட்டில் வைத்தார். ஒருநாள் மாடக்கண்ணு சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். "நேத்து சாம்பார்ல உப்பு கூடிட்டு டீச்சரு, மச்சானுக்குக் கோவம்" என்று கவலைப்பட்டார் கொம்பையா. "உசுரோட இருக்கயிலயும் இப்படித்தான், சாப்பாடு சரியில்லன்னா மொகத்தத் திருப்பிக்கிடுவாரு." சிறையில் சண்டை குறைந்தது, மாத்திரை கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள், டாக்டர் பகலில் தூங்க ஆரம்பித்தார். தில்லைநாயகிக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. தன் வாடகை வீட்டில் கட்டிலைத் திருப்பிப் போட்டாள், தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துப் படுத்தாள், அப்படியும் கூடத்தின் நினைப்பாகவே இருந்தது.

சிறைக்குள் நடக்கிற விஷயம் வெளியே போகாது என்பது சூப்பிரண்டின் நம்பிக்கை. மனு நாளன்று, கைதிகளைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களின் வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை நின்றது. அவர்கள் செத்தவர்களின் சொந்தக்காரர்கள். இரண்டு வரிசையும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே வேப்பமர நிழலில் நின்றன, வெயில் ஏற ஏற நெருக்கியடித்து நின்றன, கடைசியில் ஒரு தண்ணீர்க் குடம் இந்த வரிசையிலிருந்து அந்த வரிசைக்குப் போனது.

முதலில் உள்ளே வந்தவள் வெள்ளையம்மாள், கொம்பையாவின் தங்கை. கேஸ் நடந்த நாளிலிருந்து அண்ணன் முகத்தில் விழிக்காதவள். நேராகப் போய்ப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள், மடங்கிய முழங்காலைப் பார்த்தாள், "கால நீட்டித் தொலைக்கக் கூடாதா" என்று வைதாள். பிறகு தாளைச் சுருட்ட ஆரம்பித்தாள். கொம்பையா துடித்துப்போய்விட்டார். "எம்மா, இப்பதான் எங்கூடக் கொஞ்சம் மொகம் கொடுக்காரு. ரெண்டு மாசம் இருக்கட்டுமே."

"கொன்னதும் நீ, வச்சிக்கிடதும் நீயா?" என்று கேட்டாள் வெள்ளையம்மாள்.

கொம்பையா தில்லைநாயகியைப் பார்த்தார். படம் வரைந்தவனுக்குத்தான் படம் சொந்தம் என்பது அவள் தொழிலின் இரண்டாவது விதி. அந்த விதியை எழுதியவர்கள் வெள்ளையம்மாளைப் பார்த்தவர்கள் இல்லை. தில்லைநாயகி ஒரு ரப்பர் பேண்டை எடுத்து வெள்ளையம்மாள் கையில் கொடுத்தாள். வாசலில் கேட் பாஸ் எழுதுகிறவர் "பொருளா, ஆளா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் வெறும் கோடு ஒன்றைப் போட்டு அனுப்பினார். பஸ்ஸில் கண்டக்டர் ஒன்றும் கேட்காமலே இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்ததாகப் பிறகு சேதி வந்தது. அன்று சிறை முழுவதும் அரைவேக்காட்டுச் சோறுதான் தின்றது, யாரும் கொம்பையாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த மனு நாளில்தான் பிரகாசி வந்தாள். வெளியே டீக்கடை பெஞ்சில் காலி மீன்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், தில்லைநாயகியைப் பார்த்ததும் எழுந்து வழியை மறித்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது, தலையில் பூ இல்லை. தொம்மை என்பவர் அவள் புருஷன். பல வருஷத்துக்கு முன்னால் தொம்மையும் சிலுவைப்பிச்சையும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனார்கள். திரும்பி வந்தது சிலுவைப்பிச்சை மட்டும். அலையடித்துத் தவறி விழுந்துவிட்டார் என்றான் அவன். முந்தின நாள் இருவரும் கரையில் கட்டிப் புரண்டதை ஊரே பார்த்திருந்தது. உடல் கிடைக்கவே இல்லை. கோர்ட் ஆயுள் கொடுத்தது, அவன் இன்றுவரை நான் கொல்லவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கோர்ட்டு செத்துட்டாவன்னு சொல்லிட்டு. கோர்ட்டா அவியகூட வாழ்ந்துச்சு?" என்றாள் பிரகாசி. "வருசாவருசம் பூசை குடுக்கப் போனா சாமியார் கேக்காரு, செத்தவியளுக்கான பூசையா, சொகத்துக்கான பூசையான்னு. நான் என்னன்னு சொல்ல? பூ வைக்கவும் மாட்டேங்கேன், பொட்டழிக்கவும் மாட்டேங்கேன். அந்தச் சிலுவைய ஒருக்கப் படுக்கச் சொல்லுங்க டீச்சர். அவன் அவனாட்டமே கெடந்தான்னா எம்புருசன் எங்கயோ இருக்காவ. எம்புருசன் கெடந்தாவன்னா..." முடிக்காமல் கூடையைத் திருப்பிப் பிடித்தாள். "எனக்கு அடையாளம் தெரியும். வலது கையில சுண்டுவெரலு கெடையாது. கயித்துல போச்சு."

தில்லைநாயகி, யாரையும் கட்டாயப்படுத்த முடியாதும்மா என்றாள். சொல்லும்போதே அவளுக்கு ஒன்று உறைத்தது. தறிக்கூடத்தில் கிடந்த அத்தனை பேரையும் சுற்றிக் கோடு இழுத்தது சிலுவைப்பிச்சைதான். அவன் மட்டும் ஒருநாளும் படுத்ததில்லை.

அதற்கப்புறம் கூடத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. மாடக்கண்ணு போன பிறகு அவர் இடத்தைத் தூர்த்து ஒட்டிப் படுத்த கோட்டாள்கள், ஒருநாள் காலையில் வரிசையின் நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டு ஒதுங்கிக் கிடந்தார்கள். இசக்கியப்பன் தாள்களை லத்தியால் நைசாகத் தள்ளி நெருக்கிப் போட்டார். மறுநாள் அதே இடைவெளி. பக்கத்தில் கிடந்த இருவரும் அந்த இடத்தைப் பார்க்க ஒருக்களித்திருந்தார்கள். அங்கே தரை சில்லென்று இருந்தது, விளக்குமாறு அங்கே வந்ததும் தானாக வளைந்து போனது, உட்கார இடமில்லாத நாளிலும் அந்த இடத்தில் ஒருவனும் உட்காரவில்லை. யாருக்கான இடம் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் சிலுவைப்பிச்சையை ஒன்றும் சொல்லவில்லை, அவன் கூடத்துக்குள் வரும்போது பேச்சை மட்டும் நிறுத்தினார்கள். தில்லைநாயகி விதியை வாயால் காப்பாற்றினாள், கண்ணால் காப்பாற்ற முடியவில்லை. கரி எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் அவள் பார்வை அவனையும் அந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தது, அதற்காக அவள் தன்னைத்தானே வெறுத்தாள்.

பிரகாசி ஒவ்வொரு மனு நாளும் வந்தாள். சிலுவைப்பிச்சை பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினான். அவனைப் பார்க்க அவன் மகள் வருவாள், கைக்குழந்தையோடு. எங்கப்பா கொலைகாரர் இல்லை என்று மாப்பிள்ளை வீட்டில் பைபிள் மேல் கைவைத்துச் சொல்லிவிட்டுக் கல்யாணம் கட்டிக்கொண்டவள். அவள் வந்துபோன ஒரு செவ்வாய்க்கிழமை அவன் தில்லைநாயகியிடம் தானாகப் பேசினான்.

"நான் படுத்தா எம்மவ வாழ்வு எந்திரிக்காது டீச்சர்."

"நான் உங்களைப் படுக்கச் சொல்லலையே சிலுவை."

"நீங்க சொல்லல. இவிய சொல்லுதாவ." தரையில் கிடந்த கோட்டாள்களைக் காட்டினான். "எனக்கு உள்ளங்கையில கரி வரதில்ல டீச்சர். எல்லாருக்கும் வருது. காலையில எந்திரிச்சுக் கைய விரிச்சுப் பாக்கேன், வெள்ளையா இருக்கு. அத்தன தண்ணியில அவரு எப்படிக் கெடக்காரோ." கொஞ்ச நேரம் கரித்துண்டைத் திருப்பிக்கொண்டிருந்தான். "எம்மவ என்னய நம்புதா. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு, அப்பா அப்பான்னுட்டு, பிள்ளைக்கு என்னக் காட்டுதா. திட்டுதவ முன்னால நின்னுரலாம். நம்புதவ முன்னால நிக்கத்தான் முடியல."

அவன் எழுந்து அந்த இடைவெளி வரை போய் நின்றான். "இம்புட்டுப் பேருக்கும் நான் கோடு போட்டேன். எனக்கு யாரு போடுவா?" என்றான். அத்தனை பேரும் பின்னால் நகர்ந்தார்கள், கொம்பையாகூட. "பிரகாசி மைனி போடட்டும்" என்றான் சிலுவைப்பிச்சை.

வெளியாளைத் தறிக்கூடம் வரை விட விதியில் இடமில்லை. ஆனால் சூப்பிரண்டுக்கும் ஒரு மனசு இருந்தது, மனசுக்குள் எல்லோரையும் போல ஓர் ஆவலும் இருந்தது. "படம் பாக்க வந்திருக்காங்கன்னு போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுத் தானும் வந்து நின்றார். பிரகாசி வெளிக்குழாயில் கால் கழுவிவிட்டு, ஈரக்காலோடு உள்ளே வந்தாள். சிலுவைப்பிச்சை அவளைப் பார்க்காமல் இடைவெளியில் விரித்திருந்த தாளில் வடக்கே தலை வைத்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். ஜன்னல் வெளிச்சம் அவன் நெற்றியில் விழுந்தது.

"எங்கருந்து ஆரம்பிக்க?" என்று கேட்டாள் பிரகாசி.

"எங்கருந்து வேணும்னாலும் ஆரம்பிங்கம்மா" என்றாள் தில்லைநாயகி.

பிரகாசி காலிலிருந்து ஆரம்பித்தாள். சிலுவைப்பிச்சைக்கு ஒடுங்கிய பாதம். கரி அதைத் தொடாமல், அதற்கு வெளியே, அகலமான வேறொரு பாதத்தைச் சுற்றிப் போனது. கெண்டைக்காலில் ஏறியது, தொடையில் ஏறியது, படுத்திருந்தவனை விட்டு ஒரு சாண் தள்ளி, ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றி, நடுவில் ஒருதரம்கூடத் தயங்காமல் போனது. அவள் கையைப் பார்த்துப் போடவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கை மட்டும் தெரிந்த வழியில் போய்க்கொண்டிருந்தது. வலது கை வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல்களுக்குள் புகுந்து வந்த கரி, சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் வெறுமனே வளைந்து இறங்கியது. தில்லைநாயகி குனிந்து பார்த்தாள். காதுப் பக்கம் வந்ததும் பிரகாசி கரியைக் கீழே வைத்துவிட்டு, கலைந்த தலையைக் கோதிவிடுகிற மாதிரி விரலால் அந்தக் கோட்டைச் சரிபண்ணினாள். பிறகு கரியை எடுத்து, மற்றப் பக்கமாக இறங்கிக் காலில் வந்து முடித்தாள்.

சிலுவைப்பிச்சை எழுந்து விலகினான். அகலமான மார்போடு, வலது தோள் கொஞ்சம் இறங்கி, கால்களை அகட்டிப் போட்டுக்கொண்டு ஒரு பெரிய ஆள் கிடந்தார். கூடத்தில் இத்தனை நாள் கிடந்தவர்களில் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. பக்கத்துத் தாள்கள் இரண்டும் இலேசாகச் சலசலத்தன, அன்று காற்று இல்லை.

"யாரும்மா இது?" என்று கேட்டார் சூப்பிரண்டு.

பிரகாசி வெகுநேரம் பார்த்தாள். "தெரியல" என்றாள்.

"உன் வீட்டுக்காரர் இல்லையா?"

"இல்ல."

சிலுவைப்பிச்சை முழங்காலில் விழுந்துவிட்டான். "மைனி, அது தொம்மை அண்ணந்தான் மைனி. நாந்தான். துடுப்பால அடிச்சேன். ஒருக்கத்தான் அடிச்சேன், விழுந்துட்டாரு, கைய நீட்டுனாரு, நான் பிடிக்கல மைனி." பல வருஷமாக வாய்க்குள் வைத்திருந்தது அத்தனையும் ஒரே மூச்சில் வந்து விழுந்தது. மகள் பேரைச் சொன்னான், மாதாவைக் கூப்பிட்டான், தரையில் தலையை முட்டினான். கொம்பையா ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

பிரகாசி அவன் பக்கம் திரும்பவில்லை. "இவன் என்னமோ சொல்லுதான் சார்" என்றாள் சூப்பிரண்டைப் பார்த்து. "இது அவிய இல்ல. கடலுல எத்தனையோ பேரு கெடக்காவ. அதுல யாரோ ஒருத்தரு." கையில் இருந்த கரியை முந்தானையில் துடைத்துக்கொண்டு நடந்தாள். சூப்பிரண்டு தொப்பியைக் கழற்றி, இந்தமுறை கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

தில்லைநாயகி பின்னாலேயே ஓடி வாசல் கேட்டில் அவளைப் பிடித்தாள். "விரல் இல்லையேம்மா. நான் பார்த்தேனே" என்றாள்.

"பாத்திய இல்ல?" என்றாள் பிரகாசி. கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வீட்டுக்குக் கொண்டு போனா அவிய பொணம் டீச்சர். ஊரு கூடும், பொட்டழிக்கச் சொல்லும், குழி தோண்டிப் பொதைக்கச் சொல்லும். இங்கன கெடந்தா ஆளு. எனக்குத் தெரியணும்னு இருந்துச்சு, தெரிஞ்சிட்டு. இனி யாருக்குத் தெரியணும்?" இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள், திரும்பாமலே சொன்னாள்: "அந்த மனுசனுக்குத் தரக்குளுரு ஆவாது. ராத்திரி பூராம் இருமுவாவ. கீழ ஒரு பாய விரிச்சுப் போடச் சொல்லுங்க."

தில்லைநாயகி திரும்பி வந்தபோது கூடத்தில் எல்லோரும் போயிருந்தார்கள். சிலுவைப்பிச்சை மட்டும் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான், இசக்கியப்பன் கதவருகே முகத்தைத் திருப்பிக்கொண்டு காவல் நின்றார்.

"என்ன சொன்னாவ?" என்று கேட்டான்.

"பாய் விரிக்கச் சொன்னாங்க. அவருக்குத் தரைக்குளிர் ஆகாதாம்."

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான், உடம்பெல்லாம் குலுங்க அழுதான், பக்கத்தில் உட்கார்ந்து தில்லைநாயகியும் வெட்கமில்லாமல் அழுதாள். இசக்கியப்பன் பிளாக்குக்குப் போய்ச் சிலுவைப்பிச்சையின் பாயைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று பேருமாகத் தாளை நுனி பிடித்துத் தூக்கிப் பாயின் மேல் படுக்க வைத்தார்கள். தாள் கனத்தது, மூன்று பேர் வேண்டியிருந்தது.

மறுநாள் விடிந்து கதவைத் திறந்தபோது பாய் தொப்பலாக நனைந்திருந்தது. இசக்கியப்பன் கூரையைப் பார்த்தார், ஓட்டை இல்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், உப்புக் கரித்தது. அதற்கு மறுநாளும் நனைந்திருந்தது, அதற்கு மறுநாளும். ஸ்டோரில் சொல்லி இன்னொரு பாய் வாங்கிக் கொடுத்தார்கள். சிலுவைப்பிச்சை தினமும் காலையில் கோட்டாளை அலுங்காமல் புரட்டிப் போட்டு, ஈரப்பாயை உருவி, காய்ந்த பாயை விரித்துவிட்டு, ஈரத்தை வெளிமுற்றத்துக் கொடியில் உதறிக் காயப் போடுகிறான். மழைக்காலத்தில்தான் அவன் பாடு திண்டாட்டம்; அப்போது சமையல்கட்டு அடுப்புப் பக்கம் காயவைத்துக்கொள்ளக் கொம்பையா இடம் கொடுக்கிறார்.